உருண்டைக்குள் இருந்த துணி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது கதையாகத் தொடங்கவில்லை. எழுபதுகளில் வந்த உருண்டை ஸ்பீக்கர்களைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் இரும்புப் பந்து, சுற்றிவர எட்டுச் சின்ன ஸ்பீக்கர்கள். அறையில் எங்கே நின்றாலும் பாட்டு நம் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். கொழும்பில் சேகரிப்பவர்கள் இதற்காக அடிபடுகிறார்கள். ஆனால் சோடியாக வேண்டும், உள்ளே அந்தக் காலத்துக் கம்பனிப் பஞ்சே வேண்டும்.

என்னிடம் ஒன்று இருந்தது. மற்றது சாய்ந்தமருதில், சுபைறா மாமி வீட்டில்.

(இங்கே அரைப்பக்கம் ஸ்பீக்கர் வரலாறு இருந்தது. வெட்டிவிட்டேன்.)

2

‘மர்சூக் மாமா மவுத்தான பிறகு அந்த உருண்டை ஊமையாகத் தொங்கிய’— வேண்டாம். அழகாக எழுத எனக்கு உரிமை இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் விலைக்குக் கேட்கப் போனேன்.

“விக்கிறதுக்கில்ல மகன். அவர் போனதுல இருந்து அது கதைக்கிதில்ல. ஏலுமெண்டா கதைக்க வெச்சித் தாங்க.”

“சும்மாவே செஞ்சி தாறன் மாமி.”

“சும்மா செய்ற ஆளா நீங்க? உங்கட கண் அதுலதான் கிடக்கு.”

சிரித்தார். உண்மைதான், என்றாவது தருவார் என்று காத்திருந்தேன். அதனால் கொழும்புக்காரர்கள் கேட்கிறபடியே செய்தேன். உள்ளே பஞ்சில்லை, ஏதோ பழந்துணி. இழுத்தெடுத்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, தேடிப்பிடித்த பழைய பஞ்சை அடைத்தேன்.

மாமி றேடியோவைப் போட்டுக் கேட்டார். “அல்ஹம்துலில்லாஹ், தெளிவா இரிக்கி. ஆனா முந்தியவிடத் தூரமா இரிக்கி மகன்.”

3

நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு மாமியின் போன் கோல்.

“மகன், உருண்டைய ஒருக்காக் கழட்டித் தரேலுமா? சுனாமித் தண்ணியில பஞ்சு அழுகினதுக்கு அவர், அந்தத் தண்ணியில போன எங்கட புள்ள நஸ்லின்ட சட்டையத்தான் உள்ள வெச்சி மூடினவர். புள்ளைட மிச்சம் அந்த மஞ்சச் சட்டைதான். என்ட கண்ணுல பட்டா அழுவன் எண்டு ஒளிச்சது. நீங்களும் திருத்திப்போட்டு அத உள்ளயே வெச்சிருப்பீங்கதானே. நாளைக்கி புள்ளைட பேருல கத்தம் ஓதுறம். இப்ப பாக்கலாம் போல இரிக்கி.”

மஞ்சள். ஓம், மஞ்சள்தான்.

“வாறன் மாமி” என்றேன்.

4

முடிவுகள்:

அ) குப்பைமேட்டில் தேடி எடுக்கிறேன். [போனேன். மூன்று மாதக் குப்பை. மாடுகள் நின்றன.]

ஆ) வேறொரு மஞ்சள் துணியைப் புழுதியில் புரட்டி உள்ளே வைக்கிறேன். மாமி அதை முகர்ந்து பார்க்கிறார். [எழுதவே கை கூசுகிறது. ஆனால் காலையில் கல்முனையில் மூன்று கடை ஏறினேன்.]

இ) சொல்லிவிடுகிறேன். மாமி

5

இதை மாமி வீட்டு வாசலில், மோட்டார் சைக்கிளில் இருந்தபடி போனில் எழுதுகிறேன். உள்ளே றேடியோ ஓடுகிறது. பையில் ஸ்குரூ டிரைவர் இருக்கிறது. மஞ்சள் துணியும் இருக்கிறது.

“வாங்களன் மகன், ஏணிய நான் புடிக்கன்!”

இ-யில் நின்றுபோன வசனத்தை நீங்களே முடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் செருப்பைக் கழற்றுகிறேன்.