நின்றுகொண்டே ஓடிய வண்டி

"சிவப்பு வந்துச்சு. நிறுத்திட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணது," என்றாள் அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

பட்டப்பகலில் அவள் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. அம்மா டிரைவர். ஒரு கம்பெனி முதலாளியின் காரை ஓட்டுகிறாள். காலையில் அவரை ஏற்றினால் இரவு அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு பஸ்ஸில் திரும்புவாள். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் நகக்கீறல் அளவுக்குக்கூட ஒரு கோடு கிடையாது. விழுந்தால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இடிப்பவன் ஆணாக இருந்தால் அவன் ஒருத்தன் இடித்தான் என்பார்கள். அம்மா இடித்தால் உலகத்திலுள்ள பெண்கள் எல்லாரும் சேர்ந்து இடித்ததாக ஆகிவிடும்.

அன்று காலை மேம்பாலத்துக்கு அடியில் நெரிசல். வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகும்போது டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டியிருக்கிறது. அம்மா ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட்டாள். பின்சீட்டில் சார். அவருக்கு மீட்டிங்.

"மெதுவா உருட்டிட்டுப் போ, பக்கத்துலதானே," என்றாராம்.

"முடியாது சார். கெட்டில் எரியுது."

அம்மா ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. டாஷ்போர்டில் வரும் படங்களுக்கு அவளாகப் பெயர் வைத்திருக்கிறாள். பெல்ட் போட்ட ஆளு. பொட்டி, அது பேட்டரி. ஸ்பானர், அது சர்வீஸுக்கு. மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுகிற மாதிரி இருக்கும் சிவப்பு எண்ணெய்க் குவளைதான் கெட்டில். அது எரிந்தால் அடுத்த நொடி அணை என்று ஓட்டப் பழகிய காலத்தில் யாரோ சொன்னது, அவள் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

சார் வாடகை வண்டி பிடித்துப் போய்விட்டார். கார் கொக்கியில் தொங்கிக்கொண்டு வொர்க்‌ஷாப் போனது. மத்தியானம் வொர்க்‌ஷாப்காரர்கள் போன் செய்து, இன்ஜின் ஆயில் ஆயிலாகவே இல்லை, தார் மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். உடனே சார் அம்மாவைக் கூப்பிட்டார்.

"மாசக்கணக்கா லைட் எரிஞ்சிருக்கு. நீ மறைச்சிருக்க. நாளைக்குக் காலைல வொர்க்‌ஷாப்புக்கு வந்து ஒத்துக்கோ. வேலை இருக்கா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம். பொம்பளைகிட்ட வண்டியக் குடுக்காதேன்னு என் மச்சான் அப்பவே சொன்னாரு."

சார் அம்மாவைவிட வயதில் சின்னவர். நீ, வா, போ தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு மூஞ்சில சொல்லிட்டு வரவேண்டியதுதானே?"

"சொல்லிட்டு? மறைச்சவங்கிற பேரோட வெளிய வரணுமா? அப்புறம் எவன்டி எனக்குச் சாவி குடுப்பான்?"

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் எழுத்து அச்சடித்த எது வந்தாலும் என் மடியில்தான் விழும். மாத்திரை அட்டை, மிக்ஸியோடு வந்த காகிதம், பக்கத்து வீட்டு அடுப்பின் வாரண்டி. நான் படித்தது வேதியியல் என்பது யாருக்கும் ஒரு பொருட்டில்லை. ஆனால் இந்த முறை கோபத்தையும் தாண்டி ஒன்று என்னைக் குடைந்தது. ஆயில் தாராகும் வரைக்கும் வண்டி வாயே திறக்கவில்லையா?

"ஸ்பானர் வரவே இல்லையாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வரல."

"வந்து நீ கவனிக்காம..."

"ஏய், நாள் முழுக்க அந்த டப்பாவையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். உன் மூஞ்சியவிட அதத்தான் அதிகமாப் பாத்திருக்கேன்."

"பானெட்டத் திறந்து ஆயில் எவ்வளவு இருக்குன்னு பாத்தியா?"

"திறக்கக்கூடாதுன்னு உத்தரவு. மேல துடைக்கலாம், உள்ள கைவைக்கக் கூடாது. சர்வீஸ் சென்டர் ஆளுங்க மட்டும்தான் தொடணுமாம்."

சார் ஆபீஸ் பார்க்கிங்கில் அம்மாவோடு காத்திருக்கும் டிரைவர் ஒருவரின் நம்பரை வாங்கிப் போன் போட்டேன். அந்த டாஷ்போர்டை வேறு யாராவது பார்த்திருந்தால் சாட்சி கிடைக்குமே என்று.

"யாரு? ஜெனரேட்டர் அக்கா பொண்ணா?" என்றது குரல். "விளக்கா? நான் ஒண்ணும் பாக்கலம்மா. ஆனா அக்கா வண்டியப் பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்கும். எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

"ஜெனரேட்டரா?" என்றேன் அம்மாவிடம்.

"கிண்டல் பண்ணுவானுங்க, விடு."

அம்மா வாய் திறந்தால் ஓயாது, அதற்குத்தான் அந்தப் பெயர் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை வொர்க்‌ஷாப்புக்கு இரண்டு பேரும் போனோம். முன்பக்கம் கண்ணாடி அறை, காபி மெஷின், சோபா. பின்பக்கம் பெரிய கொட்டகை. எங்கள் கார் இரும்புத் தூண்களுக்கு நடுவே பானெட்டைத் திறந்துகொண்டு, பல் டாக்டரிடம் வந்தது மாதிரி நின்றது. தரையில் ஒரு தட்டு. அதில் ஆயில். நான் குனிந்து ஒரு குச்சியால் தொட்டேன். ஒழுகவில்லை. இழுத்தது.

சார் ஏற்கெனவே வந்திருந்தார், கையில் போன். அவர் பக்கத்தில் கழுத்தில் டை கட்டின சர்வீஸ் அட்வைசர், கையில் டேப்லெட்.

"இது யாரு?" என்றார் சார்.

"என் பொண்ணு சார். டிகிரி முடிச்சிருக்கா."

"நல்லது. உங்கம்மா பண்ண வேலையப் பாத்தியா?"

"பாக்கத்தான் வந்திருக்கேன் சார்," என்றேன். அட்வைசர் பக்கம் திரும்பினேன். "இந்தச் சிவப்பு விளக்கு எரிய எரிய மாசக்கணக்கா வண்டி ஓட்ட முடியுமா?"

அவர் சிரித்தார். "மாசமா? அது ஆயில் பழசா புதுசான்னு பாக்கிற லைட் இல்ல மேடம். இன்ஜினுக்குள்ள ஆயில் போற அழுத்தம் விழுந்தாத்தான் வரும். அதோட கொஞ்ச தூரம் ஓட்டினாலே இன்ஜின் இறுகிப் பிடிச்சுக்கும், அப்புறம் சுத்தவே சுத்தாது. இங்க பிடிக்கல. வந்த உடனே அணைச்சிருக்காங்க."

"அப்ப எரிஞ்சது அந்தக் காலைல மட்டும்தான்."

"அப்படித்தான் இருக்கணும்."

சார் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "சரி, அதுக்கு முன்னாடி மஞ்சள் ஒண்ணு வரும்ல? சர்வீஸ் லைட்டு. அதை மறைச்சிருப்பா."

"சாவியப் போட்டுப் பாக்கலாமே," என்றேன்.

அம்மா கதவைத் திறந்து உட்கார்ந்து, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினாள். எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்தன. இன்ஜின் ஓடாததால் கெட்டிலும் பொட்டியும் மட்டும் நின்றன, ஸ்பானரோடு மற்றதெல்லாம் அணைந்தன. திரையில் ஓர் எழுத்து வரி ஓடியது. நான் சத்தமாகப் படித்தேன். அடுத்த சர்வீஸுக்கு இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கிறதாம்.

சார் குனிந்து அந்த வரியைத் தானும் படித்தார். கொட்டகையின் அந்தக் கோடியில் யாரோ டயரைக் கீழே போட்டார்கள்.

"அப்ப லைட்டு ரிப்பேர்," என்றார் சார்.

"வண்டில எந்தக் குறையும் இல்ல சார்," என்றார் அட்வைசர் அவசரமாக. "சிஸ்டம் பக்காவா இருக்கு."

"சிஸ்டம்னா என்ன? அது எதைப் பாக்குது?" என்றேன்.

"எல்லாத்தையும் பாத்துக்கும் மேடம்."

"எல்லாத்தையும்னா? ஆயிலுக்குள்ள முங்கி எழுந்து பாக்குமா? அது கறுப்பா, கெட்டியான்னு அதுக்குத் தெரியுமா?"

அவர் டையைச் சரி செய்துகொண்டார். "சில வண்டில கணக்கு வேற மாதிரி இருக்கும். இந்த மாடல்ல... கிலோமீட்டர் பாக்கும். வருஷம் ஆயிடுச்சான்னு பாக்கும். பத்தாயிரம் இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது."

"ஆயிலப் பாக்காது."

"நேரடியாப் பாக்காது."

அதாவது, இத்தனை பேரும் நம்பிக்கொண்டிருந்த அந்த ஸ்பானர் வெறும் காலண்டர். சுவரில் மாட்டிய காலண்டருக்கு வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று தெரியுமா? எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் குடைச்சல் போகவில்லை. பத்தாயிரம் தாங்க வேண்டிய ஆயில் ஏழாயிரத்திலேயே எப்படிச் செத்தது?

டாஷ்போர்டின் இடது பக்கம், காகிதம் வைக்கும் சின்ன இழுப்பறையைத் திறந்தேன். வண்டியின் கையேடு இருந்தது. வாங்கிய நாளில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பிரித்தேன். சர்வீஸ் அட்டவணைக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் சில வரிகள். தூசியில் ஓட்டினால், சின்னச் சின்ன தூரமே ஓட்டினால், நின்ற இடத்தில் நெடுநேரம் இன்ஜினை ஓடவிட்டால், ஆயிலைப் பாதித் தூரத்திலேயே மாற்ற வேண்டும்.

நின்ற இடத்தில்.

"அம்மா, உன்ன எதுக்கு ஜெனரேட்டர்னு கூப்பிடுறாங்க?"

அம்மா சாரைப் பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தாள். "வண்டி உறுமிக்கிட்டே இருக்கும்ல, அதான்."

"நிறுத்த மாட்டியா?"

"சார் எப்ப இறங்கி வருவாருன்னு தெரியாது. வந்து ஏறும்போது உள்ள ஐஸ் மாதிரி இருக்கணும். ஒரு தடவை சூடா இருந்துச்சுன்னு திட்டு வாங்கினேன். அதுலேருந்து ஏசி போட்டு ஓடவிட்டுட்டு உக்காந்திருப்பேன்."

"காலைலேருந்து சாயங்காலம் வரைக்குமா?"

"அவர் உள்ள இருக்கிற வரைக்கும்."

சார் தொண்டையைக் கனைத்தார். "நின்ன வண்டில என்ன தேய்மானம்? ஓடினாத்தானே கெடும்?"

"அதைக் கண்டுபிடிச்சிடலாம்," என்றேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை. இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று இதில் எங்கேயாவது இருக்குமா என்று அட்வைசரைக் கேட்டேன். இந்தத் திரையில் அதெல்லாம் வராது என்றார்.

அதற்குள் அம்மா ஸ்டியரிங் பக்கத்துப் பொத்தானை இரண்டு தட்டு தட்டினாள். "இதுவாப் பாரு. பொழுது போகாம அமுக்கிட்டே இருப்பேன். ஒவ்வொரு சர்வீஸ் முடிஞ்சு வெளிய வரும்போதும் புதுசா ஆரம்பிச்சு விடுவேன். எப்பவும் ஒம்பது, பத்துதான் காட்டும். சைக்கிள்காரனே நம்மளவிட வேகமாப் போறான்னு நானே சிரிச்சுக்குவேன்."

சராசரி வேகம். மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்.

இவ்வளவு அழகான எண்ணை நான் எந்தத் தேர்விலும் பார்த்ததில்லை. "நிக்கிற நேரமும் இதுல சேருமா?" என்று கேட்டேன். இன்ஜின் ஓடினால் சேரும் என்றார் அட்வைசர். அவருக்கும் விஷயம் பிடிபட ஆரம்பித்துவிட்டது, கண் டேப்லெட்டை விட்டு வந்திருந்தது. ஏழாயிரத்தை ஒன்பதால் வகுத்தேன். கிட்டத்தட்ட எண்ணூறு மணி நேரம்.

"சாதாரணமா ஊருக்குள்ள ஓடுற வண்டி சராசரி என்ன வேகம் காட்டும்?"

"முப்பது, முப்பத்தஞ்சு."

"அந்த வேகத்துல எண்ணூறு மணி நேரம் ஓடியிருந்தா?"

அவர் மனதுக்குள் பெருக்கினார். "இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல." கொஞ்சம் இழுத்தார். "அப்படியே ஒண்ணுக்கு ஒண்ணுன்னு வைக்க முடியாது மேடம். ஆனா ஆயிலுக்கு நின்னாலும் ஓடினாலும் சூடுதான், அழுக்குதான். இதுல அளவும் நல்லா குறைஞ்சு போயிருக்கு. நான் முதல்லயே கேட்டிருக்கணும், வண்டி எப்படி ஓடுதுன்னு."

கேட்டிருக்கணும். யாரும் கேட்கவில்லை. கிலோமீட்டர் பெட்டியும் கேட்கவில்லை, சாரும் கேட்கவில்லை, மகளாகிய நானும் கேட்டதில்லை. வண்டி நகர்ந்தால்தான் கணக்கு. அம்மா உட்கார்ந்திருந்த நேரம் எதிலும் ஏறவில்லை, ஆயிலில் தவிர.

"இதெல்லாம் எனக்கு யார் சொன்னா?" என்றார் சார்.

"புக் சொல்லுது சார். உறையப் பிரிக்கணும், அவ்வளவுதான்."

அம்மா என் காலை மிதித்தாள். அதற்குமேல் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் நான் விழுங்க வேண்டியதாயிற்று. நிறைய இருந்தது.

சார் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தட்டிலிருந்த ஆயிலைப் பார்த்தார். பிறகு அட்வைசரிடம், "இன்ஜின் தப்பிச்சிருச்சுல்ல? எப்ப ரெடியாகும்?" என்று கேட்டுவிட்டு, அம்மா பக்கம் பாதி திரும்பினார். "வண்டி வந்ததும் வேலைக்கு வந்துரு."

அவ்வளவுதான். எனக்கு மறுபடி காது சூடானது. அம்மா இறங்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே பேசினாள்.

"வரேன் சார். ஆனா நான் மறைச்சேன்னு நேத்து சொன்னீங்க. இவங்க முன்னாடி அதைத் திருப்பி எடுத்துக்கணும்."

சாருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கொட்டகையில் ஸ்பானரோடு நின்றிருந்த இரண்டு மெக்கானிக்குகளும் இப்போது வேலை செய்வதாக நடிக்கக்கூட இல்லை.

"சரி. லைட்டு வரலதான். மறைக்கல."

"இன்னொண்ணு. இனிமே பானெட்ட நான் திறந்து பாப்பேன். நீங்க உள்ள போனதும் வண்டிய அணைச்சிடுவேன். கிளம்பும்போது ஒரு போன் போடுங்க, ஏசி போட்டு வைக்கிறேன்."

"லிஃப்டுல இறங்குற நேரத்துல எங்க குளிரும்?"

"பாதி குளிரும் சார்."

மெக்கானிக் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். சார் கையை ஆட்டிவிட்டு வெளியே போனார். அது சரி என்பதா, போ என்பதா என்று தெரியவில்லை. அம்மா சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வந்துச்சா பாத்தியா அந்த ஆளு வாயிலேருந்து?" என்றேன்.

"மறைக்கலன்னு வந்துச்சுல்ல. எனக்கு வேண்டியது அதுதான்டி." அவள் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மறைந்து, அந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் வந்தன.

"என்ன பண்ற?"

"புதுக் கணக்கு. நிக்கும்போதெல்லாம் அணைச்சு அணைச்சு ஓட்டினா எத்தனை காட்டும்?"

"இருபதைத் தாண்டுமா?"

"என்னைக் கேக்குற? நீதானே படிச்சவ."

நெரிசல் எவ்வளவு, சிக்னல் எத்தனை, சார் ஒழுங்காகப் போன் போடுவாரா, எதுவும் எனக்குத் தெரியாது. "தெரியலம்மா. பாத்துச் சொல்லு," என்றேன்.