விடிவதற்குள் கிளம்பி வந்தவள்

இரண்டாயிரத்து இருபத்துநாலாம் வருடம் பொங்கலுக்கு நாலு நாள் முன்பு, திருப்பருத்திக்குன்றத்தில் பத்மராஜ் வீட்டு வாசலில், மதியம் பன்னிரண்டே முக்கால் வெயிலில், காரிலிருந்து இறங்கிய யாழினியைச் சுற்றி மட்டும் இருட்டாக இருந்தது. அவளை நடுவில் வைத்து அளந்தால் எந்தப் பக்கமும் நாலரை அடி. அதற்குள் கை விட்டால் விரல் விறைத்தது. அண்ணாந்து பார்த்தால் காஞ்சிபுரத்து வானத்தில் இல்லாத நட்சத்திரங்கள் தெரிந்தன. கார் ஓட்டிவந்தவர், சுங்குவார்சத்திரத்திலேயே ஹெட்லைட்டைப் போட வேண்டியதாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். கரண்டு ஆபீசிலிருந்து ஆள் வந்து பார்த்து, லைன் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் சாப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். பத்மராஜ் குடும்பம் சமணக் குடும்பம். பட்டுக்குப் பேர்போன ஊரில் அவர் பருத்தி வேட்டி மொத்த வியாபாரம் செய்துவந்தார், அதையும் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். புழுவைக் கொன்று எடுத்த நூலை அந்த வீட்டில் யாரும் உடுத்துவதில்லை, பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. விளக்குக்கு வரும் பூச்சி தட்டிலும் விழும், தெரியாமல் ஓர் உயிரை விழுங்கிவிடுவோம் என்பதற்காக ஏற்பட்ட நோன்பு. யாழினியின் அம்மா குணமாலா அதை ஏழு வயதில் எடுத்துக்கொண்டவள், பிள்ளை பெற்ற நாளில்கூட விட்டதில்லை. யாழினி இருபத்துமூன்று வயதில், கடலில் உறையும் பனிக்கட்டியைப் பற்றி மேற்படிப்புப் படிக்க, நார்வே நாட்டின் வடகோடியில் ஒரு துறைமுக ஊருக்குக் கிளம்பினாள். ஐஸ்கட்டியைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, ராஜாஜி மார்க்கெட்டில் கிடைக்காதா என்று சொந்தக்காரர்கள் கேட்டுச் சிரித்தார்கள். குணமாலா ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் பொழுதோடு சாப்பிட்டுவிடு என்று மட்டும் சொன்னாள், மகளும் சரி என்றாள். அந்த ஊர்ப் பொழுதைப் பற்றி யாழினி புத்தகத்தில் படித்திருந்தாள், ஆனால் புத்தகத்தில் படித்தது வயிற்றுக்குத் தெரியாது.

போன புதிதில் இரவு ஒன்பதரைக்கும் வெயில் அடித்தது. ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு, அதையும் போன் பண்ணிச் சொல்லிச் சிரித்தாள். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கப்பல் துறையில் தனியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராமல் அறைக்குத் திரும்பிய நாளில், பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று நினைத்தாள். அப்புறம் பகல் நாளுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது. அக்டோபரில் மூன்று மணிக்கும் நவம்பர் பாதியில் பன்னிரண்டு மணிக்கும் வகுப்பிலிருந்து ஓடிவந்து சாப்பிட்டாள். நவம்பர் கடைசியில் ஒருநாள் சூரியன் வரவேயில்லை. இனி ஜனவரி பாதிக்குத்தான் வரும் என்றார்கள். குணமாலா கோயில் உபாத்தியாயர் விருஷபதாஸிடம் போய் யோசனை கேட்டாள். அவர் இரண்டு நாள் ஏடு புரட்டினார். சூரியன் சாய்வதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, வராமலே போவதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். கடைசியில், சூரியன் எல்லோருக்கும் ஒன்றுதானே, இங்கே இருப்பதைக் காட்டு, அதைப் பார்த்துச் சாப்பிடட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்று முதல் குணமாலா தினமும் நடுமதியம் மொட்டைமாடி ஏறி, போனை வானத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். அங்கே காலை ஏழரை இருட்டில் யாழினி அந்தச் சூரியனைப் பார்த்துத் தயிர்ச்சோறு சாப்பிட்டாள். கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வெயில் பார்த்துவிட்டுப் போவாள்.

முதல் குளிர்காலம் இப்படி வேடிக்கையாகவே கழிந்தது. இரண்டாவதில் அந்தப் பெண் வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லாத அதே ஊர், இருக்கிறாயா என்று கேட்கவும் ஆளில்லாத ஊராகிவிட்டது. அந்த டிசம்பரில் தொடர்ந்து ஒன்பது நாள் அவள் பெயரை அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை. பத்தாம் நாள் அறையில் அவளே ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், யாரையோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. எழுந்து பல் தேய்ப்பது மலையேறுவதாக இருந்தது. போனுக்கு முன்னால் வெறும் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோய் மென்று காட்டக் கற்றுக்கொண்டாள். மாடி வெயிலில் நின்ற குணமாலாவுக்கு, வெயில் பட்டுக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட போன் திரையில் தன் முகம்தான் தெரிந்தது, மகள் முகம் தெரியவில்லை. ஒருநாள் மேகம் மறைத்தது. அப்போதுதான் மகளின் கழுத்தெலும்பைப் பார்த்தாள்.

"படிப்பெல்லாம் இருக்கட்டும். பொங்கலுக்குள்ள வந்துடு கண்ணு, அம்மா சொல்றேன்," என்றாள்.

யாழினி வந்துவிட்டாள். பொங்கலன்று சாயங்காலம் பிலிப்பைன்ஸ் பெண் ஒரு படம் அனுப்பினாள். அங்கே மலைக்கு மேல் சூரியன் விளிம்பு காட்டிவிட்டது, ஊரே தெருவில் நின்று இனிப்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தது. அதன் பிறகு இங்கே ஊருக்கு விஷயம் விளங்கிப்போயிற்று. அந்த ராத்திரி முடிவதற்குள் கிளம்பி வந்ததால் அது முடியாமலே அவள் கூடவே வந்துவிட்டது, இன்னும் நாலைந்து நாள் பொறுத்திருந்தால் அங்கேயே விடிந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அவசரப்படுத்திக் கூப்பிட்டது குணமாலா என்பதையும் சேர்த்தே பேசினார்கள். அவள் காதிலும் அது விழுந்தது.

எல்லாம் செய்து பார்த்தார்கள். சென்னையில் கண் டாக்டர் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்து, பார்வையில் குறையில்லை என்றார். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் விளக்குகளை வாடகைக்கு எடுத்து வந்து அறை முழுக்கக் கட்டினார்கள், வெளிச்சம் நாலரை அடிக்கு அப்பால் நின்றுகொண்டது. பத்மராஜ் மகளை அங்கேயே திருப்பி அனுப்பி விடிந்ததும் கூட்டிவரலாம் என்று விசாவுக்கு இரண்டு முறை எழுதினார். படிப்பை விட்டவளுக்குப் பழைய விசா செல்லாது. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சூரியோதயம் பார்க்க என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார், நோக்கம் நம்பும்படி இல்லை என்று இரண்டு முறையும் பதில் வந்தது. பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரர் சிட்டிபாபு வேறு வந்தார். சாயம் தோய்த்த பட்டு நிழலில்தான் காய வேண்டும், பாப்பா தினம் ரெண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் போதும், நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றார். பட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் பத்மராஜ் கதவைச் சாத்திவிட்டார். சிட்டிபாபு வந்து கேட்டதில் யாழினிக்கு வருத்தமில்லை, அந்த மாசம் அவளிடம் ஒரு வேலைக்கு வருகிறாயா என்று கேட்ட ஒரே மனுஷர் அவர்தான்.

ஆனால் அவள் சாப்பிடவில்லை. குணமாலா வெயிலில் நின்று நீளக் கரண்டியால் நீட்டினாலும் உதடு இருட்டில்தான் இருந்தது. "இருட்டுதாம்மா இருக்குது, எப்படி சாப்புடுறது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடம்பு முடியாதவர்களுக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று விருஷபதாஸ் வீடு தேடி வந்து சொன்னார். தனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள். உண்மையில் நோன்பு அவளுக்கு ஒரு சாக்கு. சாப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை, நாளை எழுந்திருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அதைச் சொன்னால் வீடு அழும், நோன்பு என்றால் வீடு தலையாட்டும். தண்ணீரும் பார்லிக் கஞ்சித் தெளிவுமாக மாசி மாதம் வரை ஓட்டினாள். எடை முப்பத்தாறு கிலோவுக்கு வந்தது.

மாசிக் கடைசியில் ஊர் வேறு மாதிரிப் பேசத் தொடங்கியது. இந்தச் சின்ன வயதில் உண்ணாமல் உயிர் துறக்கும் சல்லேகனை விரதம் எடுத்திருக்கிறாள், முற்பிறவிப் புண்ணியம் என்றார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். செருப்பை வாசலில் விட்டு, இருட்டின் விளிம்பில் அரிசியும் பூவும் வைத்துக் கும்பிட்டார்கள். சல்லேகனை என்பது வாழ்ந்து முடித்தவர்கள் குருவின் உத்தரவோடு எடுப்பது, இது அது இல்லை என்று விருஷபதாஸ் தொண்டை வறளக் கத்தினார், கேட்பாரில்லை. பத்மராஜுக்கு அழுகையும் வந்தது, கூட்டத்தைப் பார்த்து நெஞ்சு கொஞ்சம் நிமிரவும் செய்தது. உள்ளே உட்கார்ந்திருந்த யாழினிக்கு அவர்கள் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. ஒன்பது நாள் யாரும் சொல்லாத பெயரை இன்று நூறு பேர் சொல்கிறார்கள், சீக்கிரம் போய்ச்சேர் என்று சொல்கிறார்கள் என்று நினைத்தாள். அதுவும் சரிதான் என்றுகூடத் தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு ஒரு பெண்மணி, தன் மகளுக்கும் இப்படி ஒரு பாக்கியம் வாய்க்க வேண்டும் என்று குணமாலாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குணமாலா கையை உருவிக்கொண்டாள். விளிம்பில் இருந்த அரிசியையும் பூவையும் வாரி வாசலில் கொட்டினாள், கூட்டத்தை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டாள். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு தட்டில் சோற்றையும் பருப்பையும் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தாள். அதுவரை வீட்டில் யாரும் அந்த இருட்டுக்குள் முழுதாகப் போனதில்லை. குணமாலா தட்டோடு உள்ளே போய், மகளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். எதிரில் இருக்கும் முகம் தெரியவில்லை, குளிரில் பல் கிட்டித்தது. நாற்பத்தைந்து வருஷத்து நோன்பு. ஒரு கவளத்தை உருட்டித் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். விழுங்குவது யாழினிக்குக் கேட்டது.

"அம்மா, என்னம்மா பண்ற நீ."

"சாப்பிட்டுக்கினு இருக்கேன். பூச்சி விழுந்தா அந்தப் பாவம் எனக்கே வரட்டும். இதுக்குள்ள நீ தனியா இருக்கறத என்னால பாத்துக்கினு இருக்க முடியலை."

யாழினிக்கு அந்த ஊரிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக அழுகை வந்தது. குணமாலா இருட்டில் தடவி, வாய் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிக் கண்டுபிடித்து, இரண்டாவது கவளத்தை ஊட்டினாள். யாழினி அதைத் துப்பவில்லை. மூன்றாவதை அவளே வாய் திறந்து வாங்கினாள். அறை வாசலில் பத்மராஜ் நின்றபடி, தட்டு காலியாகி விரலால் வழிக்கும் சத்தம் வரைக்கும் கேட்டார்.

அன்று குணமாலா தட்டைக் கழுவ எழுந்து வந்தபோது இருட்டும் அவளோடு எழுந்து வந்தது. அதன் பிறகு அவளுக்கும் விடியவில்லை. இப்போது அளந்தால் எந்தப் பக்கமும் ஆறே முக்கால் அடி இருக்கிறது, இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். யாழினிக்கு எடை நாற்பத்துமூன்று. சில நாள் சாப்பிடுகிறாள், சில நாள் சாப்பிடுவதில்லை, சாப்பிடாத நாளில் அம்மாவும் சாப்பிடுவதில்லை. விருஷபதாஸ் தன் ஏட்டில் இதற்கும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார், வேன்கள் வருவதும் நின்றுவிட்டது. ஊராட்சியில் தானாக எரியும் தெருவிளக்குகள் போட்டிருக்கிறார்கள். பட்டப்பகலில் அவை ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே வந்தால் அம்மாவும் பொண்ணும் மளிகைக் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம், எதிரே வருகிற ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கிப் போகிறார்கள்.