ட்வைலா வருவதற்குள் குளிர வேண்டிய பிரிட்ஜ்

வெர்லினுக்கு இடுப்பு வலித்தது. குனிந்தால் வலி, நிமிர்ந்தால் அதைவிட வலி. பள்ளத்துக்குள் இறங்கி, இரும்புக் குழாயின் வாயை நாளெல்லாம் கிரைண்டரால் தேய்த்துக் கொடுக்கிறவனின் இடுப்பு வேறு எப்படி இருக்கும்? பெக்கோஸ் என்ற ஊரின் பக்கத்தில் கேஸ் குழாய் பதிக்கும் வேலை. ஆட்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே, சரளைக்கல் கொட்டிய மைதானத்தில் டிரெய்லர் வீடுகளை நிறுத்தித் தங்கியிருந்தார்கள். வேலை முடிந்தால் வீட்டை வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

அன்று சாயங்காலம் பூட்ஸைக் கழற்றிவிட்டு பிரிட்ஜைத் திறந்தான். வெண்ணெய் கரைந்து வழிந்திருந்தது. பாலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். பீரைத் தொட்டுப் பார்த்தான். அதுதான் நிஜமாகவே பயமுறுத்தியது.

அவன் மனைவி ட்வைலா அந்த நேரம் பார்த்து ஆர்க்கன்சாவிலிருந்து போன் செய்தாள்.

"சனிக்கிழமை வர்றேன் வெர்லின். திங்கக்கிழமை வாடகை வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லியாகணும். காலி பண்ணிட்டு உன்கூட வந்துடுறதா, இல்ல இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுறதான்னு."

"வந்துடு. அதுல யோசிக்க என்ன இருக்கு?"

"போன தடவை உன் பாலை ஊத்திக் காபி குடிச்சேனே, மறந்துட்டியா? என் வயிறு மறக்கல. இந்தத் தடவை ஐஸ்கிரீம் கல்லாட்டம் இருந்துச்சுன்னா இருக்கேன். இல்லன்னா ஞாயித்துக்கிழமை திரும்பிடுவேன். கோவமெல்லாம் இல்ல. கொளகொளன்னு வெண்ணெயைத் தின்னுட்டு என்னால குடும்பம் நடத்த முடியாது."

"பிரிட்ஜுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு," என்றான் வெர்லின், திரிந்த பாலைக் கையில் பிடித்துக்கொண்டு.

குழாய் வேலைக்காரர்களில் பாதிப் பேருக்குக் குடும்பம் போனில்தான் நடக்கிறது. வெர்லினுக்கு அது போதும் போதும் என்றாகிவிட்டது. ட்வைலாவை ஒரு பிரிட்ஜிடம் இழக்க அவன் தயாராக இல்லை. நேராக ஆஸியைக் கூட்டிவரப் போனான்.

ஆஸி ஃபோன்டெனோ வெல்டர், லூசியானாக்காரன். வயிறு பெரிது, வாய் அதைவிடப் பெரிது. திருப்புளியோடு வந்து டிரெய்லரின் வெளிப்பக்கம் இருந்த காற்றுத் தட்டியைக் கழற்றினான். இந்த வகைப் பிரிட்ஜுக்கு மோட்டார் கிடையாது. பின்னால் சின்ன நெருப்பு எரியும், அல்லது கரண்டில் சூடாகும். அந்தச் சூட்டில்தான் உள்ளே குளிரும்.

"நெருப்பு வச்சு ஐஸ் பண்றானுங்க. எவனுக்குய்யா இந்தப் புத்தி வந்துச்சு?" என்றான் வெர்லின்.

"உன்னை மாதிரி பீரு குடிக்கிறவனுக்கு வந்திருக்காது. கேஸை மூடு, டார்ச்சை இப்படிக் காட்டு. மூக்குல நெடி ஏதாச்சும் அடிக்குதா? அம்மோனியா?"

"உன் சட்டை நாத்தம்தான் அடிக்குது."

"அப்ப சரி. உள்ள குழாய் எதுவும் வெடிக்கல."

பர்னருக்கு மேலே குளவி கூடு கட்டியிருந்தது. ஆஸி வெற்றிக் கூச்சல் போட்டு அதைப் பிய்த்து எறிந்தான். புகைக்கரியை பிரஷ்ஷால் தேய்த்துக் கொட்டினான். கேஸைத் திறந்து பற்றவைத்ததும் சுடர் நீலமாக நின்று எரிந்தது. நாளைக்குள் பல் கூசும், பார் என்று சொல்லிவிட்டு, கூலியாக இரண்டு வெதுவெதுப்பான பீரை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் பல் கூசவில்லை. பீர் முன்னைவிட ஏதோ கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து டிரெய்லர் ரொசால்வாவுடையது. குழாயைத் தூக்கிப் பள்ளத்தில் இறக்கும் பெரிய டிராக்டரை ஓட்டுகிறவள். போர்ட் இசபெல் கடற்கரைக்காரி. அவள் வந்து பிரிட்ஜைத் திறந்து, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"யோவ், இது பிரிட்ஜா, பீர்க் கடை கிட்டங்கியா? இப்படி நெருக்கி அடுக்கினா காத்து எங்கிட்டுப் போகும்?"

பாதி பீர் வெளியே போனது. அவள் ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தாள். நோட்டு வரவில்லை. ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. சாயங்கால வெயில் பிரிட்ஜ் இருக்கும் பக்கமே விழுவதைப் பார்த்து, வெளியே காற்றுக்கு இடம்விட்டுத் தார்ப்பாயைத் தள்ளிக் கட்டினாள். ஆஸி தன் பங்குக்கு ஒரு சின்ன விசிறியைக் கொண்டுவந்து பின்புறம் மாட்டினான். இருவரும் வெர்லினை ஆளுக்கொரு பக்கம் ஏசினார்கள். வேலைக்களத்தில் செய்தி பரவி, சூப்பர்வைசர்கூட "என்னப்பா, பொண்டாட்டி இருக்காளா போறாளா?" என்று கேட்டான். ட்வைலா போய்விடுவாள் என்று சிலர் பந்தயம் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை ஐஸ் தட்டில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வெர்லின் சமையல் மேடையில் சாய்ந்து நின்றான். இரவெல்லாம் வண்டியோட்டி வரப்போகிறவளிடம் என்ன சொல்வது என்று யோசித்தான்.

ஆஸி முன்னால் வர, ரொசால்வா ஒரு கிண்ணத்தில் எலுமிச்சையோடு படியேறினாள். கால் இடறி ஒன்று கீழே விழுந்தது. விழுந்த எலுமிச்சை நிற்கவில்லை. சமையலறையைத் தாண்டியது, சோபாவைத் தாண்டியது, கடைசியில் குளியலறைக் கதவில் டக்கென்று முட்டி நின்றது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். ரொசால்வா இன்னொன்றை வேண்டுமென்றே போட்டாள். அதுவும் அதே வழியில் போனது.

"உங்க வீட்டுல எலுமிச்சைக்குக் கால் முளைச்சிருக்கு," என்றாள்.

ஆஸி வெர்லின் பக்கம் திரும்பினான். "ஏய்யா, முன்பக்க ஜாக்கியை எவ்வளவு ஏத்தி வச்சிருக்க?"

"ஒரு சாண். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல இருக்கும். படுக்கை அந்தப் பக்கம்தானே? தலை ஒசந்து படுத்தா இடுப்புக்கு நல்லாருக்கு. நெஞ்செரிச்சலும் இல்ல."

"அதுக்கு ரெண்டு தலகாணி வைப்பாங்க! நீ வீட்டையே தூக்கி வச்சிருக்க!" ஆஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டான். "அடப்பாவி, இந்த பிரிட்ஜுக்குள்ள ஓடுற தண்ணியை எந்த மோட்டாரும் தள்ளல. அது தானா இறங்கணும். நீ இப்படிச் சாய்ச்சு வச்சா அது குழாய்க்குள்ளேயே தேங்கிக் கிடக்கும். எப்படிக் குளிரும்?"

வெர்லினின் கால்சட்டைப் பையில் ரசமட்டம் இருந்தது. எப்போதும் இருக்கும். வெல்டிங் போடும் முன் ஒவ்வொரு குழாயின் மேலும் அதை வைத்து, நடுக்கோட்டில் குமிழி நிற்கும்வரை விடமாட்டான். மயிரிழை பிசகினாலும் கத்துவான். இப்போது அதை எடுத்துத் தன் வீட்டுத் தரையில் வைத்தான். குமிழி ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

"ஊரான் குழாய்க்கெல்லாம் மட்டம் பார்ப்பான், சொந்த வீட்டை மலையாட்டம் வச்சிருப்பான்," என்றாள் ரொசால்வா. "எந்திரிங்க, எந்திரிங்க. இறக்குங்க."

ஜாக்கியைச் சுற்றிச் சுற்றி இறக்கினார்கள். ரொசால்வா உள்ளே மண்டியிட்டு, குமிழியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். வேலையில் டிராக்டருக்குச் சைகை காட்டும் வெர்லினுக்கு அன்று அவள்தான் சைகை காட்டினாள். குமிழி நடுவில் வந்து நின்றது.

"சாய்ஞ்சே ரொம்ப நாள் ஓடியிருந்தா உள்ள அடைச்சே போயிருக்கும். அப்ப புதுசுதான் வாங்கணும்," என்றான் ஆஸி. "பிழைக்குமான்னு காலையில தெரியும். காலியா வச்சு ஓடவிடு. ஐஸ் தட்டைத் தவிர உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது."

வெர்லின் அன்றுதான் கொண்டுவந்திருந்த மான் இறைச்சியையும் தொத்திறைச்சியையும் எங்கே வைப்பது? ஆஸியின் பிரிட்ஜில் ஒரு முட்டைக்குக்கூட இடமில்லை. ரொசால்வாவின் பிரிட்ஜில் ஒரு பெட்டி இறால் இருந்தது. அவள் தம்பி தன் படகில் பிடித்து அனுப்பியது. அவள் அந்தப் பெட்டியை வெளியே இழுத்தாள்.

"எங்கம்மா பொறந்தநாளுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு வச்சிருந்தேன்," என்றாள். "போய்த் தொலையட்டும். உன் கறியை எடுத்துட்டு வா. ஆனா திருப்பித் தரணும் வெர்லின். பண்ணை இறாலெல்லாம் செல்லாது. கடல் இறால். பெட்டி நிறைய."

"தர்றேன்."

"சத்தியமா?"

"என் இடுப்பு மேல சத்தியம்."

"அது ஏற்கனவே உடைஞ்சு கிடக்கு. வேற ஏதாவது மேல பண்ணு."

வெளியே கேஸ் அடுப்பில் பெரிய பானை ஏறியது. ஆஸி மிளகாயையும் சோளக் கதிரையும் உருளைக்கிழங்கையும் அள்ளிப் போட்டான். மேசையில் செய்தித்தாளை விரித்து இறாலைக் கொட்டி, நின்றுகொண்டே உரித்துத் தின்றார்கள். ட்வைலா போய்விடுவாள் என்று பந்தயம் கட்டியவர்களும் கூச்சப்படாமல் வந்து தின்றார்கள். வெர்லின் படுக்கப் போகும்போது, மெத்தையின் தலைமாட்டுக்கு அடியில் குழாய்க்கு முட்டுக்கொடுக்கும் இரண்டு மரக்கட்டைகளைச் செருகினான். வீட்டைத் தூக்காமலே தலை உயர்ந்துவிட்டது. இது ஏன் முன்னமே தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் ஐஸ் தட்டை வெளியே எடுத்தான். தண்ணீரின் மேல் மெல்லிய ஐஸ் ஆடை படிந்திருந்தது. விரலால் தொட்டான், உடைந்தது. உடைந்ததும் சிரித்தான். அரை நாள் வேலை முடிந்து வரும் வழியில் கடையில் புதுப் பாலும் வெண்ணெயும் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றும் வாங்கி, ஐஸ்கிரீமை உறைபெட்டியிலும் மற்றதைக் கீழேயும் வைத்தான். பிறகு கதவைத் திறக்கவே இல்லை. ஆஸி ஒருமுறை திறக்கப் போனபோது கையில் அடித்தான்.

வழியில் புழுதிக் காற்று அடித்து ட்வைலாவை நிறுத்திவைத்தது. இருட்டும் நேரத்தில்தான் வந்து இறங்கினாள். அவனைக் கட்டிப்பிடித்தாள், முதுகில் ஒரு தட்டு தட்டினாள், உடனே உள்ளே போனாள். ஆஸியும் ரொசால்வாவும் வாசற்படியில் நின்று கழுத்தை நீட்டினார்கள்.

முதலில் பாலை ஊற்றி ஒரு வாய் குடித்தாள். வெண்ணெயைக் கத்தியால் குத்திப் பார்த்தாள். கடைசியில் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து, கரண்டியை ஓங்கிக் குத்தினாள். கரண்டி வளைந்துவிட்டது.

வாசலில் ஆஸி விசிலடித்தான்.

"என்ன பண்ணின?" என்று கேட்டாள் ட்வைலா.

வெர்லின் சொன்னான். ஜாக்கியைச் சொன்னான், சாணைச் சொன்னான். அவள் வளைந்த கரண்டியோடு அவனை நோக்கித் திரும்பினாள்.

"அப்ப போன தடவை எனக்குத் தலை சுத்துனது அதனாலதானா? ரத்த அழுத்தமோன்னு பயந்து டாக்டர்கிட்ட ஓடினேன்டா! அவன் உப்பை வேற நிறுத்தச் சொல்லிட்டான்!"

ரொசால்வா வாசலிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ட்வைலா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. வளைந்த கரண்டியாலேயே ஐஸ்கிரீமைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"திங்கக்கிழமை வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடுறேன். ஆனா இந்தப் பிரிட்ஜ் இனிமே என்னோடது. உன் பீர் வெளிய ஐஸ் பெட்டில இருக்கட்டும்."

"இருக்கட்டும்," என்றான் வெர்லின். அந்த நிமிஷம் அவள் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான்.

இலையுதிர் காலத்தில் பெக்கோஸ் வேலை முடிந்தது. அடுத்த வேலை வடக்கே, ஒக்லஹோமாவில். வெர்லினும் ட்வைலாவும் ஒன்றாகவே போனார்கள். ரொசால்வாவும் அங்கேதான் டிராக்டர் ஓட்டுகிறாள். அங்கிருந்து கடல் ரொம்ப தூரம். அவளுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு பெட்டி கடல் இறாலை வெர்லின் இன்னும் கொடுக்கவில்லை.