பூங்காவனம் கேட்ட பங்கு

முப்பது பேர் வேலை செய்யும் பெரிய மசாலா மில்லை விட்டுவிட்டு, ஒற்றை இயந்திரம் ஓடும் தகரக் கொட்டகைக்கு ஒரு பெண் தானாக வருகிறாள் என்றால், அதில் ஏதோ சூது இருக்கத்தான் வேண்டும் என்று ஷரீஃபுதீன் முடிவு கட்டியிருந்தார். காஜா பெராங் வட்டாரத்தில் அவர் அந்தக் கொட்டகையைப் போட்டு நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. அம்மியில் அரைத்தே பழகிய பெண்களுக்குப் பொட்டலத்தில் தூள் விற்பது புதுத் தொழில்; அவருடைய சொந்தக்காரர்களே அதில் ஒரு வெள்ளிப் பணம்கூடப் போடத் துணியவில்லை. இருபத்திரண்டு வயதுப் பூங்காவனமோ பாதிச் சம்பளத்துக்கு வேலைக்கு வந்ததோடு நில்லாமல், தன் இரண்டு தங்கக் காப்புகளையும் முதலாக வைத்துக்கொண்டு பங்கு தரும்படி கேட்டாள்.

“அங்க என்ன குறைச்சல், பிள்ளை? தீபாவளிக்குப் புடவையெல்லாம் குடுக்கிறாங்களாமே.”

“குடுத்தாங்க, பாய்.”

“அப்புறம்?”

“அங்க பங்கு கேட்டா சிரிப்பாங்க.”

“நானுந்தான் சிரிக்கிறேன்.”

“நீங்க சிரிச்சிட்டு யோசிக்கிறீங்க.”

மத்தியானச் சோற்றின்போது மனைவி ரோஷன் பீவியிடம் இதைச் சொன்னார்.

“வெள்ளைக்காரன் போயி மெர்டேக்கா வரப்போகுதுன்னதும் ஆளாளுக்கு முதலாளி ஆசை வந்துட்டுது. உங்களுக்கு வரலாம், அவளுக்கு வரக்கூடாதா?” என்றாள் அவள்.

“அவ வேவு பாக்க வந்தவ. நம்ம கலவையைக் கத்துக்கிட்டுப் பழைய முதலாளிகிட்ட ஒப்பிப்பா.”

“நம்ம கலவையா? அதை என்கிட்டதானே கத்துக்கிட்டீங்க.”

ஷரீஃபுதீன் எழுந்து கை கழுவினார். பங்கைப் பற்றிப் பிடிகொடுக்காமல், பூங்காவனத்தைப் பொட்டலம் ஒட்டும் வேலையில் மட்டும் வைத்தார். கலக்கும் அறைக்குப் பூட்டு வந்தது. அவள் கொத்தமல்லியை ஒரு கை அள்ளி முகர்ந்தாலும் அவர் கண்ணில் அது திருட்டாகவே பட்டது.

ஜூலைக் கடைசியில், புக்கிட் காதில் என்னும் ஊரின் கடைக்காரர் ஒருவர் சுதந்திர நாள் விருந்துகளுக்காக ஐந்நூறு பொட்டலம் மிளகாய்த்தூள் கேட்டார். கொட்டகைக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அதுதான். கையிலிருந்த மிளகாயோ பாதிக்குத்தான் காணும். செமாபோக்கிலிருந்து வந்த தரகர் ஒருவர் மலிவு விலைக்கு ஒரு சாக்குச் சிவப்புத் தூளை இறக்கிவிட்டு, “எல்லாரும் சேக்கிறதுதான், ஒரு தடவை போட்டுப் பாருங்க” என்று சொல்லிப் போனார். ஒரே ஒரு தடவைதானே என்று ஷரீஃபுதீனும் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அவர் திரும்பியபோது, அந்தச் சாக்கின் வாய் அவிழ்ந்திருந்தது. பக்கத்தில் பூங்காவனம் ஒரு தம்ளர் தண்ணீருடன் குந்தியிருந்தாள்.

“யார் அனுப்பின ஆளு நீ? இன்னிக்கு உண்மையைச் சொல்லிடு.”

அவள் தம்ளரை அவரிடம் நீட்டினாள். தண்ணீர் சிவப்பாகியிருந்தது, மேலே வெளுத்த உமி மிதந்தது.

“சாயம் போட்ட தவிடு, பாய். மூணு வருசம் இதைத்தான் அங்க சலிச்சேன். வேணாம்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன். சலிக்கத்தான் உனக்குக் கூலி, பேச இல்லன்னார். கூலிக்காரி சொன்னா வாய்க்கொழுப்பு. பங்குக்காரி சொன்னா கேட்டுத்தானே ஆகணும்? அங்க நூறு பவுன் வெச்சாலும் எனக்குப் பங்கு விக்க மாட்டாங்க. இங்க இன்னும் யாருமே வாங்கல. அதான் வந்தேன்.”

எதைத் திருடிக்கொண்டு போவாளோ என்று இத்தனை நாள் காத்திருந்தவருக்கு இப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது. இவளுக்குப் பங்கு கொடுத்தால், ‘ஒரே ஒரு தடவை’ என்ற சொல்லை இனி அவர் தமக்குள்கூடச் சொல்லிக்கொள்ள முடியாது. இவளை இப்போதே அனுப்பிவிட்டால் ஐந்நூறு பொட்டலமும் நாளைக்கே லாரி ஏறும்.

“இதைச் சேக்கலன்னா பாதிச் சரக்குதான். கடைக்காரர் முகத்துல யாரு முழிக்கிறது?”

“நானும் வரேன். மீதியை நல்ல மிளகாய் வந்ததும் தரோம்னு சொல்லுவோம்.”

“அவர் வேற ஆள்கிட்ட போயிட்டா?”

“என் காப்புந்தானே சேந்து போகும், பாய்.”

வேவு பார்க்க வந்தவள் தன் தங்கத்தை நட்டத்தில் வைக்க மாட்டாள். ஷரீஃபுதீன் இதை எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தும் ஓட்டை தென்படவில்லை. சாக்கின் வாயைக் கட்டி, தரகர் எடுத்துப்போகட்டும் என்று வாசலில் நிறுத்தினார். பிறகு காப்புகளைக் கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் முடிந்தார்.

“பங்குப் பத்திரம் எழுதப் போறதுக்கு முன்னாடி தட்டார் கடைக்குப் போகணும். உரைச்சுப் பாக்கணும்ல.”

“பாருங்க. நான் உங்க சாக்கைப் பாத்தேனே” என்று சொல்லிக்கொண்டே பூங்காவனம் செருப்பை மாட்டினாள்.