சூடாக இருந்த உருளைகள்

மணி மூன்று. நாலுக்குள் பாதையைத் திறந்தாக வேண்டும். மூன்று நாள் விடுமுறைக்கு ஊரைக் காலிசெய்துவிட்டுப் போன ஜனமெல்லாம் நாலு மணிக்குமேல் திரும்பும். அத்தனை வண்டியும் இந்த ஒரே நெடுஞ்சாலை வழியாகத்தான் நகருக்குள் நுழைய வேண்டும். அதனால்தான் எட்டு மாதமாக, விடுமுறை பார்த்து இரண்டிரண்டு பாதையாகப் பெயர்த்துப் புதுக் கான்கிரீட் போட்டு வருகிறார்கள்.

பரிசோதனைக்காரி கையெழுத்துப் போட்டால்தான் பாதை திறக்கும். பாதைக்கு ஊற்றும் அதே கலவையில் மூன்று உருளைகள் வார்த்துப் பாதையோரமே வைத்துவிடுவார்கள். பாதை படும் குளிரை அவையும் பட வேண்டும். பிறகு இயந்திரத்தில் வைத்து நசுக்குவாள். இயந்திரம் காட்டும் எண் இருபத்தைந்தைத் தாண்டி உடைந்தால் பாதை தேறியது என்று அர்த்தம்.

உருளைகளைக் கொண்டுவந்து இறக்கிய மேஸ்திரி அவள் கூடப்பிறந்த அண்ணன். தார் வேலையிலேயே காலம் தள்ளியவன், கான்கிரீட் அவனுக்குப் புதிது. ஆறு மாதம் சும்மா கிடந்துவிட்டு இங்கே சேர்ந்தவன். போன மாதம் ஒரு தடுப்பை வைக்க மறந்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தான். இன்னொரு தப்பு என்றால் சீட்டு கிழிந்துவிடும்.

முதல் உருளை முப்பத்தொன்றில் உடைந்தது.

"முப்பத்தொண்ணு! அப்புறம் என்னம்மா, போடு கையெழுத்தை!" என்று குதித்தார் எஞ்சினியர். மணி பார்த்தே உயிர் வாழும் மனுஷன். 'கடிகாரம்' என்றுதான் அவருக்குப் பேர். தடுப்புகளை எடுக்கச் சொல்ல வெளியே ஓடினார்.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்ததைத் தூக்கினாள். உருளை வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே இரண்டு நாளாக எலும்பைத் துளைக்கும் குளிரும் தூறலும்.

"அண்ணே, இது எங்க இருந்துச்சு?"

"மழை விடலையே பாப்பா. நனைஞ்சா நீதான் கஷ்டப்படுவேன்னு, சாப்பாட்டு ரூம் ஹீட்டர் பக்கத்துல எடுத்து வெச்சேன்."

அடப்பாவி அண்ணா! தங்கை மேல் இருந்த பாசத்தில் ஒரு பாதைக்கே உலை வைத்துவிட்டான். உருளை சூட்டில் இறுகிவிட்டது. பாதை குளிரில் இன்னும் இறுகாமல் கிடக்கிறது.

விஷயம் புரிந்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. "மெஷினே முப்பத்தொண்ணுன்னு சொல்லிடுச்சே. யாருக்குத் தெரியப்போகுது?"

"மேல ஏறுற லாரிக்குத் தெரியும்ணே."

அவள் ஆளைக் கூப்பிட்டுப் பாதையிலிருந்தே ஒரு துண்டைத் துளைத்து எடுக்கச் சொன்னாள். அது பதினான்கிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது.

"திறக்க முடியாது சார்," என்றாள், திரும்பி வந்த எஞ்சினியரிடம்.

"மணி மூணு அம்பது!" எஞ்சினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அங்க பாரும்மா, இப்பவே ரெண்டு மைலுக்கு நிக்குது. அது எப்படி, உருளை முப்பத்தொண்ணு, பாதை பதினாலு? யாரோட தப்பு இது?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். 'என் கவனக்குறைவு' என்று சொல்லிவிட்டால் போதும். அவளுக்கு ஒரு திட்டு, அண்ணன் தப்பித்துவிடுவான். வாயைத் திறந்தாள்.

"நான்தான் சார்," என்றான் அண்ணன். "ஹீட்டர் பக்கத்துல வெச்சது நான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

எஞ்சினியர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஹெல்மெட்டை வெச்சுட்டுக் கிளம்பு."

வைத்தான். அவள் பக்கம் திரும்பாமலே நடந்தான். போகாதே என்று கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அடுத்த துண்டு எடுக்க நேரம் குறித்துக்கொண்டாள்.

அதன்பிறகு ஹாரன் சத்தத்தில் காது செவிடாகிவிட்டது. எஞ்சினியரின் ஃபோன் ஓயவே இல்லை. ஆறு மணிக்குப் பாதையிலிருந்து எடுத்த துண்டு இருபத்திரண்டில் உடைந்தது. ஏழேகாலுக்கு எடுத்தது இருபத்தாறு. கையெழுத்துப் போட்டாள். தடுப்புகள் விலகின.

வண்டிகள் கால்மணி நேரம் ஓடிய பிறகுதான் அண்ணனைக் கூப்பிடத் தைரியம் வந்தது.

"அண்ணே, எங்க இருக்கே?"

"பஸ்ஸுல. இந்த நெரிசல்ல நானும்தானே மாட்டிக்கிட்டேன். மூணு மணி நேரமா பஸ்ஸே சேர்ந்து ரோட்டுக்காரங்களைக் கிழிகிழின்னு கிழிச்சுது. நானும் கூடச் சேர்ந்து நாலு திட்டு திட்டினேன், இல்லேன்னா சந்தேகப்படுவாங்க."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "அண்ணி கேட்டா என்ன சொல்லுவே?"

பஸ் எஞ்சின் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"பாப்பா, இரு இரு. இப்பதான் உன் பாதை மேல ஏறுது."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"குலுங்கவே இல்ல," என்றான்.