துணி நாப்கின் கடையும் ஓட்டுநர் அண்ணனும்

தையல் ஆலை வேலையை விட்டுவிட்டு, மாதவிடாய்க்கான துணி நாப்கின் தைத்து விற்கப்போவதாகத் தங்கை சொன்னபோது, அண்ணனுக்குக் குடித்துக்கொண்டிருந்த தேநீர் புரையேறியது. எவ்வளவு நெரிசலிலும் பேருந்தை அலுங்காமல் ஓட்டிக்கொண்டு போகிறவர் அவர். அந்த ஒரு வார்த்தைக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"யாராவது கேட்டா நீ கைக்குட்டை தைக்கிறதா சொல்லிடறேன்" என்றார்.

அவள் சிரித்தாளே தவிர பின்வாங்கவில்லை. தைத்ததையெல்லாம் தானே அணிந்து பார்த்தாள். முதலாவது நடக்கும்போது நகர்ந்தது. அடுத்ததில் பட்டன் குத்தியது. துவைத்துத் துவைத்து மறுபடி போடலாம், குப்பைக்குப் போகாது என்று வாய்கிழியப் பேசினால் மட்டும் போதுமா? மூன்று மாதம் பிரித்துப் பிரித்துத் தைத்த பிறகுதான் அவளுக்கே மனசு நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு மேசை பிடித்தாள். தெரிந்தவர்களையெல்லாம் அழைத்து அழைத்துப் பேசியதில், அன்று காலை பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அண்ணன் நைசாக நழுவப் பார்த்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

கல்லூரிப் பெண்கள் இருவர் வந்தார்கள். "இது எவ்வளவு நேரம் தாங்கும்?"

தங்கை தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, அண்ணனை நோக்கிக் கை நீட்டினாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆறு மணி நேரம்" என்றார்.

"கறை போகுமா?"

"பச்சத் தண்ணில ஊறவச்சு அலசணும். சுடுதண்ணி கூடாது. நல்ல வெயில்ல காயப்போடணும்."

"உங்களுக்கு எப்படிண்ணா இவ்வளவு தெரியுது?"

"மூணு மாசமா வீட்ல இதே பேச்சுதாம்மா. காதக் கழட்டியா வைக்க முடியும்?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு இன்னும் நான்கு பேர் வந்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் அண்ணனுக்குத் தொழில் நினைப்பு வந்துவிட்டது. "முன்னாடி நிக்கறவங்க கொஞ்சம் தள்ளிக்குங்க! பின்னாடி இருக்கறவங்களும் பாக்கணும்ல!" அவர் குரல் சந்தையின் கோடிவரை கேட்டது. தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மதியம் ஒரு மகளிர் விடுதியின் காப்பாளர் வந்து, ஒன்றை விரித்துப் பார்த்தார். "தையல் நல்லாருக்கு. ஆனா எல்லாம் வெளிர் நிறமா இருக்கே? கொடியில காயப்போட எங்க பொண்ணுங்க கூச்சப்படுவாங்க."

பதில் எழுதிக் காட்டத் தங்கை காகிதத்தைத் தேடுவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "கருநீலத்துல தச்சுத் தர்றோம்மா. எத்தனை வேணும்?"

"முதல்ல அறுபது."

'தர்றோம்' என்று அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டதில் தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தமே வராமல் சிரித்தாள்.

மறுநாள் கருநீலத் துணி வந்து இறங்கியது. அண்ணி பெரிய கத்தரிக்கோலுடன் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "வெட்டுறது என் பொறுப்பு. உங்க அண்ணனக் கிட்ட விடாத. வாய் இருக்கற அளவுக்குக் கை நேரா போகாது."