உறையின் வாய் மேலே இருக்க வேண்டும்

இசைத்தட்டை உறையில் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தட்டு முதலில் ஒரு மெல்லிய காகித உறைக்குள் போகும். அந்தக் காகித உறை, படம் போட்ட அட்டைக்குள் போகும். காகித உறையின் திறந்த வாய் மேலே பார்த்திருக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் அட்டையைக் கையில் எடுத்ததுமே தட்டு வழுக்கி வெளியே வரும், தூசியும் உள்ளே போகும். பத்தொன்பது வருடமாக நான் மேலே பார்த்துத்தான் வைக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை எடுத்தபோது வாய் பக்கவாட்டில் இருந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். மகள் வெளியூரில் விடுதியில் இருக்கிறாள். நான் லிஃப்ட் பரிசோதகன். காலை எட்டுக்குப் போனால் ஆறுக்குத்தான் திரும்புவேன். மனைவிக்கு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். இரண்டிலிருந்து ஆறு வரை வீட்டில் என்ன நடக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததே கிடையாது.

அவளே போட்டுக் கேட்டிருப்பாள் என்று தோன்றவில்லையா என்பீர்கள். தோன்றவில்லை. ஏனென்றால் இது ப்ராக்ரஸிவ் ராக் என்ற மேல்நாட்டு இசை. தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிடம். தாளம் ஏழில் கிளம்பி, ஐந்துக்குத் தாவி, நடுவில் பதினொன்றில் சுற்றும். மாதம் ஒரு ஞாயிறு, கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் கடைக்கு மேல் அறையில் ஆறு பேர் கூடிக் கேட்போம். ஆறு பேரும் ஆண்கள், ஆறு பேரும் தொடையில் தட்டி எண்ணுவோம். பெண்கள் ஏன் வருவதில்லை என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தோம். கண்ணாடிக் கடைக்காரர் அதில் பெரிய பண்டிதர். "அவங்களுக்குப் பாட்டுன்னா மூணு நிமிஷத்துல முடியணும், கூடப் பாட வரணும். இது கணக்கு சார், பொறுமை வேணும்" என்பார். நாங்கள் தலையாட்டுவோம்.

ஆகவே யாரோ ஓர் ஆண் என் வீட்டுக்கு வந்து போகிறான். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

அன்று மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "மத்தியானம் யாராவது வந்தாங்களா?"

"யார் வரப்போறா? கேஸ்காரர்கூட வரல."

அவள் கை மடிப்பில் ஒரு கணம் நின்றது. நான் அதைப் பார்த்துவிட்டேன்.

அடுத்த வாரம் பொறி வைத்தேன். ஒலி கூட்டும் குமிழைக் கடிகாரத்தின் ஒன்பது மணி இருக்கும் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். செவ்வாயும் வியாழனும் திரும்பி வந்தபோது அது பதினொன்றில் நின்றது. அந்த இரண்டு நாளும் அடுக்களையில் இரண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தன. சாப்பாடு இறங்கவில்லை. அவள் "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைத்தபோது, என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆள் யார் என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. எங்கள் கூட்டத்தில் பஸ் டெப்போ மெக்கானிக் ஒருவன் உண்டு. எல்லோரும் ஏழு என்று எண்ணும் இடத்தில் அவன் மட்டும் ஏழரை என்று சாதிப்பான், அதனால் பெயரே ஏழரை ஆகிவிட்டது. இரவு ஷிப்ட், பகலெல்லாம் ஓய்வு. தலைமுடி வேறு ஒன்றுகூடக் கொட்டவில்லை. அன்று தட்டை உறைக்குள் போட்டவன் அவன்தான். வாயைப் பக்கவாட்டில் வைத்தான். இவன்தான் என்று முடிவு கட்டினேன். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வைப்பார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

"எங்க வீட்டுப் பக்கம் வந்தியாப்பா?" என்றேன்.

"உங்க வீடு எங்கன்னே தெரியாதேண்ணே. ஒரு நாள் கூப்பிட்டாத்தானே."

எவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்கிறான் பார் என்று பல்லைக் கடித்தேன்.

வியாழக்கிழமை ஓர் எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்டைப் பரிசோதனைக்கு நடுவிலேயே நிறுத்திப் பூட்டிவிட்டு, எட்டு மாடிக்காரர்களின் வசவையும் வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டோடு சேர்ந்து யாரோ தணிந்த குரலில் பாடுவதும் கேட்டது. வாசலில் அவள் செருப்பு மட்டும்தான் கிடந்தது. தன் செருப்பை உள்ளே எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், விவரமான ஆள் என்று முடிவு செய்து சாவியைப் போட்டுத் திறந்தேன்.

அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் படம் போட்ட அட்டை. பக்கத்தில் ஒரு டம்ளரில் டீ, இன்னொன்றில் தண்ணீர். பாடிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. பிறகு, களவாகத் தின்று மாட்டிக்கொண்ட பிள்ளைபோல வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"பிடிச்சிட்டீங்க. நீங்க இருக்கும்போது இதைக் கேக்க முடியறதில்ல. நீங்க எண்ணுறதுதான் கேக்குது, அதான். உக்காருங்க, நல்ல இடம் வருது. நீங்க பதினொண்ணு பதினொண்ணுன்னு தட்டுவீங்களே, அது பாட்டுல வர்ற கலங்கரை விளக்குல தங்கச்சி படியேறிக்கிட்டே அக்காவைக் கூப்பிடுறது. மூச்சு வாங்குது, அதான் தாளம் இடறுது. கடைசித் தடவை மட்டும் பன்னெண்டு வரும். கவனிச்சதே இல்லையா? நாள் பூரா ரத்த அணுவை எண்ணுற எனக்கே நாலு தடவை கேட்டப்புறம்தான் பிடிபட்டுச்சு."

அக்காவும் தங்கையும் அந்தப் பாட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆனால் அதெல்லாம் அப்புறம் யோசித்தது. அப்போது நான் படுக்கையறைக்குப் போனேன். அலமாரியைத் திறந்தேன். குளியலறைத் திரையை விலக்கினேன். பால்கனியில் துணிக்குப் பின்னால் பார்த்தேன். திரும்பி வந்தபோது அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள்.

"என்ன தேடுறீங்க?"

"குடை."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரைத் தேடுறீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. "ஏழரை" என்றேன்.

அவனைப் பற்றி என்னிடம் கதை கதையாகக் கேட்டிருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் அசடு வழிந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினேன். பாதியில் அவள் நிறுத்திவிட்டாள். எழுந்து போய்த் தட்டிலிருந்து முள்ளைத் தூக்கி வைத்தாள்.

"அடுத்த மாசம் உங்க கூட்டத்துக்கு நானும் வரட்டுமான்னு உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன்."

"வாயேன்" என்றேன் அவசரமாக. "தாராளமா வா. எல்லாருக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும்."

"வேண்டாம்." அவள் குரல் உயரவே இல்லை. "இருபத்தொரு வருஷம் கூட இருக்கேன். முன்னப் பின்ன பார்க்காத ஒருத்தன் என்கூட இந்த வீட்ல இருந்துட்டுப் போறான்னு உங்களால நம்ப முடிஞ்சுது. நான் தனியா உக்காந்து ஒரு பாட்டு கேப்பேன்னு நம்ப முடியல."